அக்காவின் வயது

கோயில் பதிவேட்டில் இரண்டு சவரியம்மாள்கள் இருந்தார்கள். அதே தாய், அதே தகப்பன். ஒருத்தி 1961இல் ஞானஸ்நானம் பெற்றவள், இன்னொருத்தி 1966இல். உபதேசியார் அடக்கப் பதிவேட்டையும் புரட்டிவிட்டு, மூத்தவள் ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். சவேரியார் பெயரை வைப்பதாக நேர்ந்துகொண்ட வீடு. நேர்ச்சை விட்டுப்போகக் கூடாதென்று அடுத்த பெண்ணுக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். தனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பதே சவரியம்மாளுக்கு அன்றுதான் தெரியும்.

அவள் தேடிப் போனது தன் வயதை. நடவுக்குக் குனிய முட்டி விடவில்லை. இந்தக் குறுவைக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. முதியோர் உதவித்தொகை வந்தால்தான் ரேஷன் அரிசிக்கு மேல் ஏதாவது வாங்க முடியும். ஆதாரில் குத்துமதிப்பாகப் போட்ட வருஷப்படி அவளுக்கு ஐம்பத்து மூன்று. அறுபது ஆகவில்லையென்று மனு இரண்டு முறை திரும்பிவிட்டது. வயதுக்கு வேறு அத்தாட்சி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு சான்றிதழையும் வாங்கிக்கொண்டு, ஒரத்தநாட்டில் இ-சேவை மையம் வைத்திருக்கும் தங்கை மகன் டேவிட்சனிடம் போனாள். அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"பெரியம்மா, ஒங்களுக்கு ஐம்பத்தொன்பதுதான். ஆனா மூத்தத மனுவோட சேத்தா அறுபத்து நாலு. பேரும் ஒண்ணு, அப்பா பேரும் ஒண்ணு. எவன் வந்து கல்லறையத் தோண்டப் போறான்?"

"அந்தப் புள்ளைக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஒரு காகிதந்தான். அதையும் நான் புடுங்கிக்கவா?"

"அப்ப ஒரு வருஷம் முட்டியத் தடவிக்கிட்டு ஒக்காருங்க."

"ஒக்காரமாட்டேன்டா. ஆபீசுக்குப் போறேன்."

தாலுகா அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் விஜயலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு முறையும் மனுவைத் திருப்பியவள் அவள்தான்.

"மறுபடியுமாம்மா?"

"மறுபடியுந்தாங்க." சவரியம்மாள் இரண்டு காகிதத்தையும் மேசையில் வைத்தாள். "இது எங்க அக்கா, செத்துப்போச்சு. இது நான். ஐம்பத்தொன்பது. அறுபது முடியற வரைக்கும் நான் எதத் தின்னு இருக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

விஜயலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வர்றவங்க ஒரு காகிதத்த ஒளிப்பாங்க. நீங்க ரெண்டையும் நீட்டுறீங்க. வீட்ல யாரு பாத்துக்கறாங்க?"

"ஒண்டிக்கட்டைங்க. புள்ளைங்க இல்ல. அவரு போயி ஒன்பது வருஷம் ஆச்சு."

விஜயலட்சுமியின் பேனா நின்றது. "அப்பறம் எதுக்கும்மா முதியோர்ல போட்டீங்க? ஆதரவற்ற விதவைக்குத் தனியா இருக்கே! அதுக்கு அறுபது ஆக வேணாம்."

"எல்லாத்தையும் ஓஏபின்னுதானேங்க சொல்றாங்க?"

ஊரில் எந்த உதவித்தொகைக்கும் முதியோர் தொகையின் அந்த ஆங்கிலப் பெயர்தான். கணினியில் டேவிட்சனும் யோசிக்காமல் முதியோர் என்றே போட்டிருந்தான்.

"ரெண்டு தடவ திருப்பி அனுப்புனீங்களே, அப்பவே வீட்டுக்காரரப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்" என்றாள் விஜயலட்சுமி. "அவரோட இறப்புச் சான்று இருக்கா?"

"பத்திரமா வச்சிருக்கேன்."

"அப்ப புதுசா மனு போடுங்க. விஏஓ விசாரிக்க வருவாரு, வீட்ல இருங்க. நான் பாத்துக்கறேன்."

சவரியம்மாள் திரும்பி வந்தபோது டேவிட்சன் டீ குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு கணினிக்கு முன் உட்கார்ந்தான்.

"வயசு ஐம்பத்தொன்பதுன்னு அடி."

"இதுக்கு அறுபதெல்லாம் பாக்கமாட்டாங்க பெரியம்மா. ஆதார்ல இருக்கற ஐம்பத்து மூணே போதும்."

"அது எவனோ போட்டது. என் வயச அடிடா."