லேபிள் ஃபோல்டர்

மூன்றாவது நாளாகச் சுப்ரஜா லேபிளில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாள், பில்ட் கொடுத்தாள், திறந்து பார்த்தாள். பழைய பொடி எழுத்துதான் பல்லை இளித்தது. சந்தேகம் தீர, லேபிளின் நடுவில் ‘வணக்கம்’ என்று தட்டி மறுபடி ஓட்டினாள். வணக்கமும் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். கணினியை அணைத்துப் போட்டாள். கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. நாற்பத்தொரு வயதில் ஒரு ஸ்டிக்கரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது போலும்.

சானடோரியம் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டாவது மாடியில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் சின்ன கம்பெனி அது. திருமுடிவாக்கத்துப் பட்டறைகளுக்கு ஸ்டாக், பில், பெட்டியில் ஒட்டும் லேபிள் எல்லாவற்றுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறார்கள். பதினோரு ஃபோல்டர்களில் எழுதுவதைத் திரட்டி ‘ரிலீஸ்’ என்ற ஒரே ஃபோல்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பில்ட். அங்கே இருப்பதுதான் வாடிக்கையாளருக்குப் போகும். எதை எங்கே போடவேண்டும் என்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு செட்டிங்ஸ் கோப்பு சொல்லும். அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா, எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள்.

வைத்தீஸ்வரன் சார் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“சுப்ரஜா, மோகன்ராஜுக்குப் புதுசா வேலை கிடைச்சிருக்காம். அங்கேர்ந்து வெரிஃபிகேஷன் ஃபார்ம் வந்திருக்கும்மா, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இங்கேர்ந்து ஏன் நின்னான்னு கேட்டிருக்கா. கவனக்குறைவுன்னே போட்டுடட்டுமா? உன் ரிப்போர்ட்லயும் அப்படித்தானே இருக்கு.”

“போடுங்க சார்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மோகன்ராஜ் கோவளத்துப் பையன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் முதன்முதலாகக் கணினி முன்னால் உட்கார்ந்தவன். பதினான்கு மாதம் அவளுக்குக் கீழே வேலை பார்த்தான். ஜூலையில் அவன் அனுப்பிய பில்டில் பழைய லேபிள் போய்விட்டது. இரண்டு லாரி சரக்கு தப்பான எண்ணோடு கிளம்பிப் போய்த் திரும்பி வந்தது. பட்டறைக்காரர் நேரில் வந்து கத்தினார், அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். “நான் சரியாத்தான் எடுத்தேன்க்கா” என்று கடைசிவரை சொன்னான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் பதில் சொன்னாள். சரியான எண்களை ‘ரிலீஸ்’ ஃபோல்டரிலேயே கையால் திருத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு லேபிள் ஃபோல்டரை யாரும் தொடவில்லை.

செய்து பார்க்க வேறெதுவும் மிச்சமில்லாததால் செட்டிங்ஸைத் திறந்தாள். பத்து ஃபோல்டர்கள் ‘ரிலீஸ்’ என்றன. லேபிள் மட்டும் ‘அப்புறம்’ என்றது.

‘அப்புறம்’ என்று நிஜமாகவே ஒரு ஃபோல்டர் ஒரு மூலையில் இருந்தது. மூன்று நாளாக அவள் பெரிதாக்கிய எழுத்துகளும் வணக்கமும் அதில்தான் குவிந்திருந்தன. அவற்றுக்குக் கீழே, ஜூலைத் தேதியோடு, மோகன்ராஜ் போட்ட புதிய எண்கள் ஒன்றுகூடத் தப்பாமல் இருந்தன. அந்த வரியை மாற்றியது யார் என்று தேடினாள். அவள் பெயர் வந்தது. அதே ஜூலைத் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது.

இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. ராகு காலத்தில் ஆபீஸிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது என்பது சாரின் சட்டம். லேபிள் பாதி வேலையில் இருந்தது. பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தப்பித்தவறிக்கூட அது ‘ரிலீஸ்’ பக்கம் போய்விடக் கூடாது என்று அவள்தான் திருப்பி விட்டிருந்தாள். பன்னிரண்டு அடித்ததும் பழையபடி மாற்றிவிடலாம் என்றிருந்தாள். பதினொன்றேமுக்காலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன், பெண்ணுக்குக் காய்ச்சல். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிட்லபாக்கத்துக்கு ஓடியவள் அதைச் சுத்தமாக மறந்துபோனாள். பன்னிரண்டு ஐந்துக்கு அவன் பில்ட் எடுத்திருக்கிறான். அவன் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது புதிய எண்கள்தான் தெரிந்திருக்கும். ‘ரிலீஸி’லிருந்து போனதோ போன மாதத்து லேபிள்.

ஒரு சொல்லை மாற்றினால் போதும். செட்டிங்ஸ் கோளாறு, சரிசெய்யப்பட்டது என்று மெயில் போட்டுவிடலாம். யார் மாற்றியது என்று இங்கே யாரும் தேடப் போவதில்லை. ஏப்ரலுக்கு மேல் இரண்டு டீம் லீடில் ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்று அவள், இன்னொன்று ஷ்யாம்சுந்தர். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். சுப்ரஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எல்லாவற்றையும்விட அலுப்பாக இருந்தது, எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத அலுப்பு. மணி நாலரை.

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். மறுமுனையில் மீன் ஏலம் கேட்டது.

“இன்னாக்கா, திடீர்னு?”

“மோகன், அந்த ஜூலை பில்ட் தப்பு உன்னோடது இல்லப்பா. செட்டிங்ஸை நான் மாத்தி வச்சுட்டு மறந்துட்டேன். இப்பதான் பார்த்தேன்.”

ஏலச் சத்தத்திலிருந்து அவன் தள்ளிப் போவது கேட்டது.

“மெய்யாலுமாக்கா? அப்ப நான் சரியாத்தான் பண்ணேனா?”

“சரியாத்தான் பண்ணியிருக்க.”

“நானே நம்பிட்டேன்க்கா, நான்தான் இன்னாவோ கோட்டை வுட்டுட்டேன்னு. நீங்க சொன்னா கரெக்டாத்தானே இருக்கும். இப்பல்லாம் வூட்டைப் பூட்டினாகூட மூணு தபா இஸ்துப் பாத்துட்டுதான் கெளம்புறேன்.”

அவள் மணியைப் பார்த்தாள். “அப்புறம் பேசறேன்டா” என்று வைத்துவிட்டாள்.

யார் எப்போது மாற்றியது என்ற பட்டியல் திரையில் தெரிய, லேப்டாப்பை மூடாமல் அப்படியே ஏந்திக்கொண்டு கேபினுக்குப் போனாள். நிரப்பி முடித்த ஃபார்ம் சாரின் முன்னால் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அதன் மேலேயே லேப்டாப்பை வைத்தாள்.

“என்னம்மா இது?”

“படிங்க சார்.”

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். உதடு அசைந்தது. விரல் அவள் பெயரில் வந்து நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நாற்காலி இருந்தும் அவள் உட்காரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.