வேறு தமிழர் வராத நேரம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கோலா குபு பாரு ஊரின் குதிரைக் கொட்டகையில் மகள் தனுஜாவைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு, கங்கா வேலியோரம் தனியாக நின்றாள். தன் ஊரான கலும்பாங்கில் யாராவது கேட்டால் மகளுக்கு டியூஷன் என்பாள். ஆட்டிசம் என்ற சொல்லை அவள் வீட்டு வாசலைத் தாண்ட விட்டதே இல்லை. கல்யாணம், திருவிழா எதற்கும் "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்றே அவள் சொல்லிவந்ததால், சொந்தக்காரர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். தினமும் கணவன் ரவாங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபின் அவளோடு பேச ஆளில்லை. ஒன்பது வயது தனுஜாவும் பேசுவதில்லை.

ஆனால் இந்த நாலு மாதமாக, குதிரைமேல் இருக்கும்போது தனுஜா காதைப் பொத்திக்கொண்டு கத்துவதில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நித்தியா ஒரு சம்மதத் தாளை நீட்டினாள்.

"அக்கா, ஆய்வுக்கு இருபது பிள்ளைங்க வேணும். பன்னெண்டுதான் சேர்ந்திருக்கு. ஆய்வு நின்னா இந்தச் சவாரியும் நின்னுடும்."

"எதுக்கும்மா ஆய்வு? எம்மக மாறினத நானே கண்ணால பாக்குறேன்லா."

"குதிரையால மாறினாளா, வயசு கூடினதால மாறினாளா? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாதுக்கா. சரியா பாத்து எழுதினாத்தான் தெரியும். பலன் இருந்தா எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்கிட்ட கேக்கலாம். இல்லன்னா வேற வழி தேடலாம். பேரு வெளிய போகாது."

"எப்படியாவது தெரிஞ்சிடும். வேணாம்மா."

குதிரையை நடத்திக்கொண்டிருந்த இருசப்பனுக்கு அது காதில் விழுந்தது. அவருக்கு வாய் அடங்காது.

"வேற தமிழாளுங்க வராத நேரமா குடுங்கன்னு கேட்டல்ல? உன்ன மாதிரியே கேட்டவங்களுக்குத்தான் பத்து மணி, பதினொன்னு, மூணு, நாலு. எல்லாம் உங்க ஊருதாம்மா! அஞ்சு குடும்பம், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததில்ல. நேரம் பிரிச்சுக் குடுத்தே எனக்குத் தல சுத்துது."

அஞ்சு வீட்டிலும் இதே பொய். இத்தனை வருஷம் கங்கா யாருக்குப் பயந்தாள்? தன்னைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாலு பெண்களுக்கா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து மணிக்குச் சற்றுமுன் ஒரு கார் வந்து வாசலுக்கு வெளியே நின்றது. அவள் கிளம்பட்டும் என்று காத்திருந்தது. கங்கா மகளைக் குதிரையிலிருந்து இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே கேட்கும்படி கங்கா குரலை உயர்த்தினாள்.

"நானும் கலும்பாங்தான் அக்கா. இவளுக்கும் ஆட்டிசம்தான். மெதுவா இறங்குங்க, நான் நிக்கிறேன். நம்ம பிள்ளைங்கள நாமே மறைச்சு வச்சா, அதுங்களுக்கு எது உதவும், எது உதவாதுன்னு எந்த ஆய்வு கண்டுபிடிக்கும் அக்கா?"