அழிக்காமல் விட்ட ஸ்னாப்ஷொட்டுகள்

கரண்ட் போய்வந்ததில் சுன்னாகத்து ஸ்கான் நிலையமொன்றின் சேர்வர் படுத்துவிட்டது. அதன் பராமரிப்பு றிச்சர்ட் என்பவனின் கம்பனியிடம் இருந்தது. அவனிடம் வேலைசெய்யும் ஜெயனி காலையிலேயே போய், வெளி டிஸ்க்கில் இருந்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றத் தொடங்கினாள்.

சேர்வர் அறை கழிவறையை ஒட்டியிருந்தது. மெஷினுக்குப் பின்னால் எலிப் புழுக்கை, கரப்பான் செட்டை, யாரோ கடித்துவிட்டு வைத்த றோல்ஸ் ஒன்று. மூக்கைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஏற்றுவது ஊர்ந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் நாளைக்கும் முடியாது.

வெளியே வாங்கில் அபூபக்கர் என்ற முதியவர் மகள் அர்வாவோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்கு ஒப்பரேசன். இங்கே எடுத்த பழைய ஸ்கானைப் பார்க்காமல் கத்தி வைக்கமாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அர்வா அடிக்கடி கதவடியில் வந்து நின்றாள்.

டிஸ்க்கிலோ கேபிளிலோ பிழையில்லை. சேர்வர் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துவைத்த லொஜிக்கல் வொல்யூம்களைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைத்த ஸ்னாப்ஷொட்டுகள், வேலை முடிந்தும் அழிக்கப்படாமல் குவிந்துகிடந்தன. புதிதாக ஒரு தரவுத் துண்டு எழுதமுதல், பழைய துண்டை அத்தனை ஸ்னாப்ஷொட்டுக்கும் பிரதிபண்ணிக்கொண்டிருந்தது மெஷின். றிச்சர்டுக்கு போன் எடுத்து, அழிக்கட்டோ என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை, தொடாதை. இழுபடட்டும். மெஷின் பழசாப் போச்செண்டு நிலையக்காரரிட்டைச் சொல்லிப்போட்டன். பின்னேரம் புதுசு வாங்க ஓம் எண்டுவினம்."

"அண்ணை, ஒப்பரேசனுக்குப் போற ஆள் ஒருத்தர் வெளியிலை இருக்கிறார்."

"ஒருநாள் பொறுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற அதே குரல். ஜெயனி போனை வைத்துவிட்டு, ஒன்றும் பாவனையில் இல்லை என்று பார்த்து, ஸ்னாப்ஷொட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஏற்றம் வேகம்பிடித்தது. மத்தியானத்துக்குள் அபூபக்கரின் ஸ்கானைச் சீடியில் எழுதி அர்வாவின் கையில் கொடுத்தாள்.

பின்னேரம் றிச்சர்ட் புது மெஷினுக்கான விலைமனுவோடு வந்தான். நிலைய உரிமையாளர் அவனுக்கு நன்றி சொன்னார். பெரும்பாடுபட்டு மீட்டதாகவும் மெஷின் இனித் தாங்காதென்றும் கூசாமல் சொன்னான்.

"மெஷின் நல்லாயிருக்கு. நாங்கள் அழிக்காமல் விட்ட குப்பைதான் பிழை. காலமையே இவரிட்டைச் சொன்னனான், இழுபடட்டும் எண்டவர்," என்றாள் ஜெயனி.

உரிமையாளர் விலைமனுவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் றிச்சர்ட் கார்க் கதவைத் திறந்து, ஏறு, கதைப்பம் என்றான். தன்னிடமிருந்த கம்பனிக் கதவுத் திறப்பை அவனுடைய கார்ச் சீற்றில் போட்டுவிட்டு, அவள் கோப்பாயிலுள்ள வீட்டுக்குப் போக பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.