இரண்டாவது பிடி

என் தம்பி பெண்டாட்டி ஷர்மிளாவைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அப்பாவுக்குப் பயம் வரும்போது அவர் வாயில் வருவது அவள் பெயர்தான். பெற்ற மகள் நான், மாத்திரையும் தண்ணீருமாகப் பக்கத்தில் நிற்பேன். என்னைத் தாண்டி அடுப்படியைப் பார்த்து, "ஷர்மிளா, ஷர்மிளா" என்பார். ஒரே ஒரு தடவை "பூங்கொடி" என்று கூப்பிட்டால் எனக்குப் போதும்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். மண்டபத்தூரில் படகோட்டி ஐயனார் என்றால் தெரியாதவர் கிடையாது. எந்தக் காற்றிலும் சுக்கானை விடாத கை அது. இப்போது காபி டம்ளரைப் பிடித்தால் பாதி வேட்டியில் கொட்டுகிறது. நடக்கும்போது வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். சாயங்காலம் மாத்திரையின் வேகம் குறையும்போது ஒரு பயம் வரும் பாருங்கள், அதுதான் பெரும்பாடு. நெஞ்சு படபடக்கும், முகம் வேர்க்கும், கண் கடல் பக்கமே இருக்கும். தம்பி சசிதரன் விசைப்படகில் போனால் திரும்பச் சில நாளாகும். பயமும் நோயில் ஒரு பகுதிதான், அதட்டாதீங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் ஏன் அதட்டப்போகிறேன்? காரைக்காலிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து, குளிப்பாட்டி, சோறூட்டி, நேரம் தவறாமல் மாத்திரை கொடுப்பது நான். பயம் வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "சசி வந்துடுவான்ப்பா, பயப்படாதீங்க" என்பேன். அதைக் கேட்டதும் நடுக்கம் இரண்டு மடங்காகும். "வாயை மூடு" என்பார் அப்பா.

அப்போது மகாராணி அடுப்படியிலிருந்து வருவாள். கையைப் பிடிக்கமாட்டாள், ஆறுதல் சொல்லமாட்டாள். "உலை வைக்கவா மாமா?" என்பாள். உடனே அவர் தோள் தளரும், மூச்சு சீராகும். எனக்குத்தான் மூச்சு முட்டும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அப்படி என்னடி மந்திரம் வச்சிருக்கே?"

"மந்திரம் ஒண்ணும் இல்ல அண்ணி. கடலுக்குப் போனவங்களை வந்துடுவாங்கன்னு இந்த வீட்டுல சொல்றதில்ல. அவங்க பேருக்கு ஒரு பிடி அரிசி உலையில போட்டுட்டு சும்மா இருக்கணும். அத்தை சொல்லிக் குடுத்தாங்க."

அத்தை என்றால் என் அம்மா. இறந்துபோன என் அம்மா, இந்தத் திருவேட்டக்குடிக்காரியிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கரையில சம்பளம் வாங்குறவருக்கு வாக்கப்பட்டவங்க. உங்களுக்கு எதுக்கு அண்ணி?" நல்லபடியாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் சாயங்காலம் அவளை முந்திக்கொண்டு நானே கேட்டேன். "உலை வைக்கவாப்பா?"

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வானத்தைப் பார்த்தார். "நீ கிளம்பு. இருட்டப் போவுது."

"இருந்து சமைச்சு வச்சிட்டுப் போறேனே."

"கிளம்புன்னா கிளம்பு."

அதற்குப் பிறகு தினமும் இதே விரட்டல்தான். நான் போனால்தான் மருமகளோடு நிம்மதியாக இருக்கலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வீடு போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவதில்லை. யாருக்கு என்மேல் அக்கறை? காலையில் வந்து பார்த்தால் சட்டியில் தண்ணீர் ஊற்றிய சோறு மிஞ்சிக் கிடக்கும், அடுப்படித் தரையெல்லாம் அரிசி சிதறியிருக்கும். "அளந்து போடத் தெரியாதா? கையில என்ன ஓட்டையா?" என்று ஷர்மிளாவைக் கடிந்துகொள்வேன். அவள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டி அள்ளுவாள்.

நேற்றும் விரட்டினார். கிளம்பிவிட்டேன். கோட்டுச்சேரி தாண்டியதும்தான் வீட்டுச் சாவியை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்து கொல்லைப்பக்கமாக நுழைந்தேன்.

அடுப்புக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. மடியில் அரிசி டின். ஷர்மிளா கிண்ணத்தை நீட்டியபடி குந்தியிருந்தாள். அப்பா ஒரு பிடி அள்ளினார். கை உதறியதில் பாதி தரையில் விழுந்தது.

"இது சசிக்கு."

கை மறுபடியும் டின்னுக்குள் போனது.

"இது பூங்கொடிக்கு."

நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

"போன் பண்ணாளா?"

"இல்ல மாமா."

"லாரியா ஓடுற ரோடு. வெளிச்சத்துலயே போய்ச் சேருன்னு விரட்டினா என்னை முறைக்கிறா. ஒருநாளாவது ஒரு போன் பண்றாளா பாரு."

"உலை கொதிக்குது மாமா" என்றாள் ஷர்மிளா.

தினமும் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் கிளம்பிப்போன பிறகு. அந்தச் சோற்றைத்தான் காலையில் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். இவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

உள்ளே போய்த் தரையில் சிதறியதைப் பொறுக்க ஆரம்பித்தேன். அப்பா திடுக்கிட்டார்.

"பூங்கொடி, நீ போவலியா?"

"என் பங்கு இங்க வேகுதே. சாப்பிட்டுட்டுப் போறேன்."

சோறு குழைந்திருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு ஊட்டிவிட்டு நானும் அதே தட்டில் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனதும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போன் போட்டேன். எடுத்தது ஷர்மிளா.

"உங்கிட்ட இல்லடி. அப்பாகிட்ட குடு" என்றேன்.