சோயா உருண்டையும் பொன்னேரி ஸ்டேஷனும்

...இல்லை, பொன்னேரி வரைக்கும் தாங்கும், தாங்கியாக வேண்டும், மீஞ்சூரில் ஒன்றுக்குப் போய்விட்டுத்தானே ஏறினார், அதற்குள் எங்கிருந்து வந்து சேருகிறது, எழுந்ததிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே... கும்மிடிப்பூண்டி லோக்கலில் கழிவறை கிடையாது, கம்பி ஆலைக்கு இதில் போய்வருகிற எல்லாருமே தண்ணீரைக் குறைத்துக்கொண்டவர்கள்தான், அரசப்பனுக்கு மட்டும் அது நீர்க்கடுப்பாக வந்து உட்கார்ந்துகொண்டது. எரிந்தால் மெடிக்கலில் தானே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வார், அடங்கிவிடும், மனைவி கங்கம்மாவுக்குத் தெரியாது. புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, ரத்தத்திலும் ஏதோ அளவு ஏறியிருக்கிறது என்று பொன்னேரி டாக்டர் சொன்னதிலிருந்து அவள் தினமும் சோயா உருண்டைதான் கட்டித் தருகிறாள், வாரப் பத்திரிகையில் படித்தாளாம். எதிர் சீட்டில் ஆலைக்கூட்டாளி ஜெயராஜ் டப்பா வாசனைக்கு மூக்கை உறிஞ்சினான். "இன்னாண்ணே, இன்னிக்கும் உருண்டையா? அண்ணியாண்ட சொல்லி ஒரு கோழிய அந்த டப்பா பக்கமாவது நடக்க வுடச் சொல்லு!"

சிரித்தார், சிரித்தால் முட்டுகிறது. சோயா என்றதற்கு டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்... "சாப்பிடுங்க, தப்பில்ல. ஆனா அதுல இருக்கிற சத்தைக் குடல்ல இருக்கிற சில பாக்டீரியாதான் வேற ஒண்ணா மாத்தும், அது சுரப்பிக்கு உதவலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. எல்லார் வயித்துலயும் அது இருக்காது. நீங்க வேற கண்ட மாத்திரையப் போட்டு நல்ல கிருமியையும் கொன்னுட்டிருக்கீங்க." அப்படியானால் கங்கம்மா போட்டதையெல்லாம் இவரே மாத்திரையால் கெடுத்து... அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது, சுரப்பியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால்தான் புற்றா இல்லையா தெரியும், வியாழக்கிழமை காலை இங்க பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. வியாழன் இன்றுதான், இவரோ ஆலைக்குப் போகிற வண்டியில். கங்கம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னார், சோயா தப்பில்லையாம் என்று, அவளுக்கு என்ன பெருமை, "நான் சொல்லல? பத்திரிகைக்காரன் இன்னா பைத்தியமா?"

பொன்னேரி. விழாத குறையாக இறங்கி ஸ்டேஷன் கழிவறைக்கு ஓடினார், "வண்டி போயிடும்ணே!" என்று ஜெயராஜ் கத்துவது முதுகில் கேட்டது. சொட்டு, நின்று, மறுபடி சொட்டு... வெளியே ஹாரன் அடித்தது, சக்கரங்கள் நகர்ந்தன. வயிற்றில் அந்தக் கிருமி உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாது, அதை நம்பி இத்தனை நாள்... நம்பினாரா, இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க அது ஒரு சாக்கா? அடுத்த லோக்கலுக்குப் பிளாட்பாரத்திலேயே நின்றிருக்கலாம், கால் ஸ்டேஷன் வாசலுக்கு வந்திருந்தது. "எங்க போவணும் நைனா?" ஆட்டோக்காரர் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்று ஏறி உட்கார்ந்தார். ஆலைக்கு லீவு சொல்லவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, கூடவே, வண்டி போனதில் தனக்குத் துளிகூட வருத்தமில்லை என்பதும்.