முதுகில் பட்ட கை

வலது கை தோள் மட்டத்தோடு நின்றுகொண்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை. யோகா வகுப்பில் மற்ற எட்டுப் பேரும் இரண்டு கையையும் உயரத் தூக்கி நிற்க, மூட்டைக்காரர் மட்டும் பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி நின்றார். பின்வரிசையில் அவர் மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, ஒண்ணாம் தேதி நினைப்பும் வந்தது. குடோன் மேஸ்திரி தவணை கொடுத்திருந்தார்: "ஒண்ணாம் தேதி மேல் அடுக்குல ஒரு மூட்டை ஏத்திக் காட்டு. முடியலன்னா விளக்குமாற எடுத்துக்க. அதுவும் வேலைதான்." இருபத்திரண்டு வருஷம் மூட்டை சுமந்த ஆளுக்கு விளக்குமாறு கனமாகத் தெரிந்தது.

டீச்சர் ஒரு காலத்தில் ஆட்களின் முதுகை அமுக்கியே வளைத்தவர். பிறகு சொந்தத் தோளே மக்கர் பண்ணி, ஆறு மாதம் பிசியோதெரபிக்கு நடையாய் நடந்தார். அன்றிலிருந்து அவர் வகுப்பில் ஆசனத்துக்காக ஆள் வளைவதில்லை. ஆளுக்குத்தான் ஆசனம் வளைந்துகொடுக்கும்.

"அண்ணே, உங்களுக்கு எதச் செய்ய முடியணும்?"

"மேல மூட்டை வைக்கணும் டீச்சர். வேற ஆசை இல்ல."

"அப்ப அதையே துண்டு துண்டாப் பழகுவோம்."

சுவரில் ஒரு துண்டை வைத்து, மேலே தேய்த்துக்கொண்டே போகச் சொன்னார். கை ஏறத் தொடங்கியதும் ஒத்தாசைக்காக டீச்சர் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அவ்வளவுதான். கழுத்து உள்ளே போயிற்று, முழங்கால் மடிந்தது, மூச்சு நின்றது.

"லூசா விடுங்கண்ணே."

"லூசாத்தான் இருக்கேன்."

"எங்க விடுவாரு!" என்றாள் மனைவி. "நான் கை வச்சாலும் இதே கதைதான் டீச்சர். கல்யாணமான நாள்லேருந்து தொட்டா மரக்கட்டை."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

டீச்சர் கையை எடுத்தார், உடம்பு இளகியது. வைத்தார், இறுகியது.

"கை பட்டா என்ன தோணுது?"

அவர் யோசித்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை. "மூட்டை வருதுன்னு தோணுது. குடோன்ல லாரி சத்தத்துல வாய்ப்பேச்சு எடுபடாது. பின்னாடி நிக்கிறவன் முதுகுல கை வைப்பான். பட்டதும் மூச்சப் பிடிச்சு உடம்பக் கட்டிக்கணும். அசந்தா இடுப்பு போச்சு."

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. மரக்கட்டை என்று எத்தனை ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

"இனி நான் தொடல," என்றார் டீச்சர். "முதல்ல மூச்ச விடுங்க. அப்புறம் கையத் தூக்குங்க."

முதல் வாரம் மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் ஒரு கம்பைத் தூக்கினார். பாரத்தைத் தரை வாங்கிக்கொண்டது. பிறகு சுவரும் துண்டும். பிறகு தலையணை, அப்புறம் மணல் பை. வீட்டுச் சமையலறைச் சுவரில், பிள்ளையின் உயரம் குறிப்பதுபோல, கை எட்டிய இடத்தையெல்லாம் மனைவி பென்சிலால் கோடு போட்டு வந்தாள். சில நாள் கோடு முந்தின கோட்டுக்குக் கீழேயே விழுந்தது. அதையும் அழிக்கவில்லை.

ஒண்ணாம் தேதி காலை. வேலைச் சட்டையோடு சுவர் முன்னால் நின்றார். அவள் கை பழக்கத்தில் அவர் முதுகுக்குப் போய், நடுவழியில் நின்றது.

"வைக்கட்டுமா?"

"வை. அங்கேயும் எவனாவது வைக்கத்தானே போறான்."

வைத்தாள். முதுகு கல்லானது. தெருமுனையில் குடோன் லாரி ஹாரன் அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. அவர் மெல்ல மூச்சை விட்டார். அவள் உள்ளங்கைக்கடியில் அந்தப் பெரிய தோள்பட்டை எலும்பு, யாரோ பாரத்தைப் பதமாக இறக்கி வைப்பதுபோல், கீழே நகர்ந்தது. அவர் விரல்கள் கடைசிப் பென்சில் கோட்டைத் தொட்டு, அதற்கும் மேலே, வெறும் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.