தெரு மாறாது என்ற தீர்மானம்

கீழைச் சமூகங்கள் தாமாக மாறுவதில்லை என்று படிப்பு வட்டம் தீர்மானம் நிறைவேற்றிய மாலையிலிருந்து, பாட்டில் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த அந்தத் தெருவில் எதுவும் மாறவில்லை. நகம் வளரவில்லை, பால் புளிக்கவில்லை, முடிதிருத்துபவர் கடையைப் பூட்டிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனார். வட்டத்தினர் வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தை மிகுந்த சிரத்தையுடன் கற்றவர்கள் என்பதை மரியாதையுடன் குறிப்பிட வேண்டும். சமூகம் படிப்படியாகவே ஏறும், அந்தப் படிகள் மேற்கில் கட்டப்பட்டவை, இத்தெரு முதற்படியில்கூட இன்னும் கால் வைக்கவில்லை என்பது அவர்களது முடிவு.

இதனால் பெரிதும் அல்லலுற்றவர் வட்டச் செயலாளரின் மனைவி. தீர்மானத்தன்று அவருக்கு நிறைமாதம். ஏழாண்டுகள் கழித்தும் நிறைமாதம்தான். அந்த வயிற்றுடனேயே தொழிற்சாலையில் நின்றபடி, பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து விரிசல் பார்த்துவந்தார். அங்கே உட்கார நாற்காலி கிடையாது.

“ஏங்க, அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்குங்களேன். இடுப்பு ஒடியுது.”

“அவசரப்படாதம்மா. புறநிலைமை இன்னும் கனியல.”

“வயித்துல இருக்கறது கனிஞ்சு ஏழு வருஷமாச்சு! உங்க புறநிலைமையை நான் என்ன, புகை போட்டா பழுக்க வைக்கிறது?”

மறுநாள் காலை தொழிற்சாலையில் செயலாளரின் மனைவி பொறுமையிழந்து தரையில் உட்கார்ந்தார். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். விரிசல் பார்க்க ஆளின்றிப் பாட்டில்கள் குவிந்து உடைந்தன. வட்டம் அவசரமாகக் கூடி, தொழிலாளி வர்க்கம் தோன்றாத சமூகத்தில் வேலைநிறுத்தம் நிகழ இயலாது, ஆகவே நிகழ்வது வேலைநிறுத்தமன்று என்று விளக்கமளித்தது. செயலாளர் அதைத் தொழிற்சாலை வாசலில் நின்று வாசித்தார்.

“சரி தோழர், கால் வலிக்குது, உக்காந்திருக்காங்கன்னு எழுதிக்குங்க,” என்றாள் உள்ளிருந்து ஒருத்தி. “அதுக்குமா படி ஏறணும்?”

அந்த வாரமே நிர்வாகம் நாற்காலிகளை இறக்கியது. முதல் நாற்காலியில் அமர்ந்த கணத்தில் செயலாளரின் மனைவிக்கு இடுப்புவலி கண்டது. தெருவில் அத்தனை வீட்டுப் பாலும் ஒருசேரத் திரிந்தது.

பிறந்தது பெண். வாய் நிறையப் பல்லும் தோள்வரை முடியும் இருந்தன. அவள் கட்டிலிலிருந்து தானே இறங்கி, வாசலை நோக்கி நடந்தாள். செயலாளர் பதறிப்போய்க் குறுக்கே நின்றார்.

“முதல்ல தவழணும்மா. அப்புறந்தான் நடக்கணும்.”

“தள்ளுப்பா,” என்றாள் குழந்தை.

அவர் தள்ளி நின்றார். திங்கட்கிழமை அவளை இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். சீருடைக்கு அளவெடுத்த தையற்காரர், வளர்கிற பிள்ளை என்பதால் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டுத் தைத்தார்.